எட்டாவது சீட்டு

இரண்டாவது கவிதை முடிந்ததும் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஒன்றுபோல ஆமென் என்றார்கள். கொடியில் காயாமல் கிடந்த பள்ளிக்கூடச் சட்டையைப் பற்றிய கவிதைக்கு எதற்கு ஆமென் என்று சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுகொண்டது, ஏனென்றால் பக்கத்தைத் திருப்பினால் மூன்றாவது கவிதை இருக்கிறது, அடுப்படியில் பெனினா இருக்கிறாள். மகள் வருவாள் என்று யார் கண்டது. வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மாதம் ஒரு வீடாக நடக்கிற பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், இந்த மாதம் போல்பேட்டையில் இவள் வீட்டு முறை, வருகிறவர்களுக்கு வடைக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டு ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தபோது இரண்டு மணிக்கு கேட் திறக்கிற சத்தம். நாகர்கோவிலிலிருந்து பெனினா. தனியாக. பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு லீவு, ரோகனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்தேன், சும்மாதாம்மா வந்தேன் என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினாள். சும்மா வருகிறவளா அவள். கல்யாணம் ஆன பத்து வருஷத்தில் சும்மா வந்த நாளை ஒரு கையால் எண்ணிவிடலாம், அதிலும் கடைசி ஏழு வருஷத்தில் அந்தக் கைக்கும் வேலை இல்லை. வந்தவளிடம் வாம்மா சாப்பிட்டியா என்று கேட்டாளே ஒழிய சுகிர்தத்தின் மனசு அந்த நிமிஷமே அலமாரி மேல் கட்டாக இருந்த புத்தகங்களுக்கு ஓடிவிட்டது. தேரி மாத இதழ். ஆசிரியர் அனுப்பிவைத்த பதினைந்து பிரதி. இருபத்திரண்டாம் பக்கத்தில் ஆரம்பித்து அவளுடைய கவிதைகள் மூன்று, மேலே அவள் படம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தினவளின் பேர் அச்சில் வந்திருக்கிறதே என்று இந்த ஒரு வாரமாக அந்தப் பக்கத்தை எத்தனை தடவை தடவிப் பார்த்திருப்பாள், மைகூட ஒட்டாத வழவழப்பு. எல்லாம் சந்தோஷம்தான், பெனினா நாகர்கோவிலில் இருக்கிற வரைக்கும்.

சுகிர்தம் எழுதுகிறாள் என்பதே வீட்டுக்காரருக்குப் போன வருஷம்தான் தெரியும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், காலை ஜெபம் முடிந்த கையோடு, ஜெபத்தில் சொல்லாமல் விட்டதை எழுதிவைப்பாள், அவ்வளவுதான். ஆண்டவரிடம் எல்லாவற்றையும் சொல்லலாம், சொல்லவும் செய்கிறாள், ஆனாலும் சிலதைச் சொல்ல வாயெடுத்தால் வார்த்தை ஜெபம் மாதிரி வருவதில்லை, கோணலாக வருகிறது, அதைத் தாளில் வைத்தால் கோணல் தெரிவதில்லை. எமி அக்காதான் ஒருநாள் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியையாக இருந்தவர் இல்லையா, ஏ சுகிர்தம் இதைச் சும்மா விடக்கூடாது என்று தனக்குத் தெரிந்த பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார். ஆசிரியர் போனில் கூப்பிட்டார். மெதுவான குரல். அம்மா, இதுல பதினோரு ஸ்தோத்திரம் இருக்கு, எட்டை எடுத்துரலாமா என்றார். எடுங்க சார், ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டார் என்றாள். எடுத்தார். எடுத்த பிறகு வாசித்துப் பார்த்தபோது ஏதோ எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தது, அவளுடையதுதான், ஆனால் முகம் தெளிந்திருந்தது. மூன்றாவதை அனுப்பவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒரு மாதமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், பாத்திரம் கழுவும்போது, பூண்டு உரிக்கும்போது. நாகர்கோவிலில் யார் தேரி வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்ததா, இல்லை, அந்த நினைப்புக்கு அடியில் இன்னொன்று இருந்ததா, எங்கேயாவது ஓரிடத்தில் அது அச்சாகிக் கிடக்கட்டும், நான் வாய்திறந்து சொல்லாமலே சொன்னதாக ஆகிவிடட்டும் என்கிற கோழைத்தனமா. இப்போது அடுப்படியில் டம்ளர்களை அடுக்குகிற சத்தம் கேட்கிறது. எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்றாக. பெனினா எப்போதும் அப்படித்தான் அடுக்குவாள், பிறகு பிரிக்க வராது. முதல் கவிதையை வாசித்தபோது வாசல் நிலையில் சாய்ந்து கேட்டாள், இரண்டாவதுக்கு உள்ளே போய்விட்டாள், மூன்றாவதுக்கு வராமல் இருந்தால் நல்லது, வடை தீய்ந்தால்கூட நல்லது, ஒரு வாசனை வந்தால் எழுந்து ஓடிவிடலாம். பேசாமல் மூன்றாவதை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். நேரமாச்சு அக்கா, இத்தோட முடிச்சுக்கிடுவோம் என்று சொல்லிவிடலாம். அவள் வாயைத் திறக்கும் முன்னால் லில்லி புஷ்பம் முந்திக்கொண்டாள். பல்லு கட்டின பிறகு லில்லிக்குப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. படத்தில் சுகிர்தத்துக்குப் பத்து வயசைக் குறைத்துப் போட்டிருக்கிறான், அந்தப் பத்திரிகைக்காரனிடம் என் படத்தையும் கொடுக்கணும் என்றாள், கவிதை வேண்டாம் படம் மட்டும் போட்டால் போதும் என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், சிரிப்பு அடங்குவதற்குள் எமி அக்கா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு மூன்றாவது கவிதையைப் பிரித்துவிட்டார்.

"இதை நாம எல்லாரும் சேந்து வாசிப்போம்," என்றார் எமி அக்கா. "கோயில்ல வசனம் வாசிப்போம்லா, அது மாதிரி. ஒரு வரி சுகிர்தம், ஒரு வரி நாம."

கவிதையை யாராவது அப்படி வாசிப்பார்களா. ஆனால் இந்தப் பெண்களுக்கு வேறு விதமாக வாசிக்கத் தெரியாது, ஞாயிறுதோறும் போதகரான ஐயர் ஒரு வசனம் சபை ஒரு வசனம் என்று வாசித்தே வளர்ந்தவர்கள், கையில் ஆளுக்கொரு பிரதி இருந்தால் வாய் தானாகத் தயாராகிவிடும். ஏற்கெனவே விரலை வரியில் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு விரல். ஒரு ஆளைத் தடுக்கலாம், பன்னிரண்டு விரலை எப்படித் தடுப்பது. சுகிர்தம் வரிகளைப் பார்த்தாள், பார்த்தவள் தன்னையறியாமல் எண்ணினாள், ஒன்று தனக்கு, இரண்டு அவர்களுக்கு, மூன்று தனக்கு, நான்கு அவர்களுக்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, எட்டு அவர்களுக்கு, அப்படியானால் ஒன்பது. ஒன்பதாவது வரி தனக்கு. அந்த ஒன்பதாவது வரி ஒருத்தருக்கும் கேட்காமல் எழுதினது. எழுதின அன்றைக்குக்கூட அதைத் தாளின் ஓரத்தில் சின்னதாகத்தான் எழுதியிருந்தாள், ஆசிரியர்தான் அதை எடுத்து ஒழுங்காக வரிசையில் போட்டுவிட்டார். மின்விசிறி தலைக்கு மேல் கிர்ர் கிர்ர் என்கிறது, எண்ணெய் போடச் சொல்லி எத்தனை நாளாச்சு, சொன்னால் வீட்டுக்காரர் நாளைக்கு என்பார், இப்போதுகூடப் பெண்கள் கூட்டம் என்றதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், அவர் இங்கே இருந்திருந்தால் ஒரு தண்ணி கொடு என்று கேட்டாவது, சரி, எமி அக்கா பார்க்கிறார். ஆரம்பிக்கவேண்டியதுதான். "வருஷப் பிறப்பன்று தட்டு வருகிறது," என்று வாசித்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் ஆச்சரியம். "வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறது," என்றார்கள் பெண்கள், சேர்ந்தாற்போல, கடைசி எழுத்தை இழுத்து, கோயிலில் இழுப்பதுபோல. தட்டு என்றால் அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வருஷப் பிறப்புக் காலை ஆராதனை முடிந்ததும் அந்த வருஷத்துக்கென்று வேதத்திலிருந்து வாக்குத்தத்த வசனம் அச்சடித்த சீட்டுகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொன்று எடுக்கவேண்டும், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அம்மாதான் எடுப்பாள், எடுத்து வைத்திருந்து போனில் வாசித்துச் சொல்வாள். அந்த வருஷம், ஏழு வருஷத்துக்கு முந்தின அந்த மழைக்காலம் கழிந்த வருஷப் பிறப்பில், இரண்டு சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒன்று அதிகம். திருப்பி வைக்கப்போனாள். வைக்கவில்லை. தட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டது, அவள் கையில் அந்தச் சீட்டு இருந்தது, யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்காததால் அது யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து ஒட்டவெல்லாம் இல்லை, அவளே எடுத்தாள். ரோகன் பிறந்து, மருமகளும் வந்து, கணக்கு இப்போது எட்டு. "எட்டு என்கின்றன என் விரல்கள்." "ஏழு என்கிறார் வீட்டுக்காரர்." லில்லி களுக்கென்று சிரித்தாள், அவளுடைய வீட்டுக்காரரும் அப்படித்தான், எதையும் ஒன்று குறைத்துத்தான் எண்ணுவார். இன்னும் ஆறு வரி. அடுப்படியில் டம்ளர்ச் சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது. நிமிர்ந்து பார்க்கலாமா. பார்த்தால் அந்த முகத்தில் இருப்பதைப் பார்க்கவேண்டிவரும், பார்க்காவிட்டால் என்ன இருக்கிறதோ என்று நினைக்கவேண்டிவரும். சுகிர்தம் எப்போதும் பார்க்காத பக்கத்தைத்தான் எடுப்பாள். அன்றைக்கும் அதைத்தான் எடுத்தாள். "எட்டாவது சீட்டை முந்தானையில் முடிகிறேன்," என்று வாசிக்கிற வாய் வாசித்துக்கொண்டிருக்க அந்த ஆஸ்பத்திரி வராந்தா வந்துவிட்டது, எப்போதும் வருகிற மாதிரியே, ஈரக் குடைகள் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த சுவர், டெட்டால் வாடை, கம்பி ஜன்னலுக்கு வெளியே பேய்மழை. முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெனினா. ஒன்பது மாசம் நிரம்பினவள். காலையில் எழுந்து, ம்மா அசைவே இல்லம்மா என்றாள். தூங்குதாயிருக்கும் என்றாள் இவள். தூங்குதாயிருக்கும். அதையும் இவள்தான் சொன்னாள். "மழை நாளில் வந்து மழை நாளில் போனவளே," என்று பன்னிரண்டு பெண்கள் சொன்னார்கள், இந்தத் தடவை இழுப்பில்லை, ஏதோ புரிய ஆரம்பித்த குரலில், ஒன்றிரண்டு பேர் பிந்தி. போல்பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்து ஒருத்தரும் பேசாததுதான். வயதான நர்ஸம்மா ஒருவர் கையில் ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்தார், நீலக் கரை போட்ட வெள்ளைத் துண்டு, பெண்பிள்ளைம்மா, அதன் அம்மாவிடம் காட்டவா என்று கேட்டார். கேட்டது மெதுவாகத்தான். நினைத்துப் பார்க்க நேரம் கொடுத்துத்தான் கேட்டார். வேண்டாம் சிஸ்டர், காட்டாதீங்க, பாத்தா அவ மனசு விட்டுப்போயிரும் என்று சுகிர்தம் உடனே சொன்னாள். அவளும் பார்க்கவில்லை. துண்டை விலக்கவில்லை. கண்ணை மூடி ஆண்டவரே ஆண்டவரே என்றாள், அதுவரைக்கும் கண்ணை மூடுவது ஜெபம் பண்ணுவதற்கு என்றுதான் நினைத்திருந்தாள், பார்க்காமலிருக்கவும் அது உதவும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு கீழே போனாள், வெளியூரில் இருக்கிற மகனுக்குப் போன் போடவும், மருந்து வாங்கவும், மழையில் வரிசையில் நின்றாள், மேலே வந்தபோது ஆண்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மயக்கம் தெளிந்த பெனினா ஒரே ஒருதடவை கேட்டாள், எங்கேம்மா என்று. ஆண்டவர்கிட்ட என்றாள் இவள். அதோடு சரி. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஒருதடவைகூடக் கேட்கவில்லை, அழுததையும் இவள் பார்க்கவில்லை, அந்த மாசம் கழிந்து நாகர்கோவில் போனவள் ரோகன் பிரசவத்துக்குக்கூட இங்கே வரவில்லை, மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கிடுதோம்மா என்றுவிட்டாள். சரிதானே. எந்த முகத்தோடு வா என்று கூப்பிடுவது. ஒரு தாயிடம் இருந்து அவள் பிள்ளையின் முகத்தை எடுத்துக்கொண்டவள். ஒருநாளும் அவளால் பார்க்கமுடியாதபடி. அதைத்தான் எழுதினாள். அதைத்தான் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள்.

"முடியில்லாத சின்னத் தலையே," என்று வாசித்தாள். அது அவளுக்குத் தெரியாது, எழுதும்போது அப்படி வந்தது, பார்க்காததற்கு ஒரு தலை வேண்டுமே, மனசு ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டது, வழுவழுவென்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி. "உன் அம்மா உன்னைப் பார்க்கவில்லை." அதைப் பெண்கள் சொன்னபோது ஒருத்தி குரல் உடைந்தது, யாரென்று தெரியவில்லை, எமி அக்காவின் குரல் மட்டும் வாத்தியார் குரலாக நேராக நின்றது. இப்போது அவள் முறை. அறையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். கோயிலில் ஐயர் வரியை விட்டுவிட்டால் சபை காத்திருக்குமே, அப்படி. விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். தொண்டை கட்டிவிட்டது என்று தண்ணீர் கேட்கலாம், தண்ணீரைக் கொண்டுவருகிறவள் பெனினாவாக இருப்பாள். எட்டு ஸ்தோத்திரத்தை எடுத்த மனுஷன் இந்த ஒரு வரியையும் எடுத்திருக்கக்கூடாதா. ஆண்டவரே, கொஞ்சம் கரண்டு போகட்டும், யாராவது வாசலில் கூப்பிடட்டும். ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி கிர்ர் கிர்ர் என்கிறது. ஏழு வருஷமாகச் சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்கு, தனியாக உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சொல்வதற்கு எத்தனை நாள் இருந்தது, அதையெல்லாம் விட்டுவிட்டுப் பன்னிரண்டு பெண்கள் நடுவில், ஜமுக்காளத்தில், கால் மரத்துப்போய், வடை வாசனையில். இது என்ன சொல்லுகிற இடமா. ஆனால் வேறு எந்த இடத்திலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள், அதுவும் தெரிந்தது. "பார்க்க விடாதவள் நான்," என்றாள். சத்தமாக இல்லை. ஆனால் கேட்டிருக்கும். "உனக்கும் ஒரு வசனம் உண்டல்லவா, ஆண்டவரே," என்று பெண்கள் முடித்தார்கள், முடித்துவிட்டு ஆமென் என்றார்கள், இந்தத் தடவை அந்த ஆமென் சிரிப்பு மூட்டவில்லை. கண்களை மூடுவோம் என்றார் எமி அக்கா. யார் எதைப் பகிர்ந்துகொண்டாலும் உடனே அதற்காக ஜெபிப்பது கூட்டத்தின் வழக்கம். எமி அக்கா ஆரம்பித்துவிட்டார், ஆனால் அக்காவே தடுமாறுவது தெரிந்தது, மரித்துப்போன பிள்ளைக்காக ஜெபம் பண்ணுகிறது நம் சபையில் இல்லை, யாருக்காக என்று சொல்லி ஆரம்பிப்பது, அக்கா ஒரு வாக்கியத்தை எடுத்து, விட்டு, இன்னொன்றை எடுத்து, கடைசியில் அந்தக் குழந்தையைத் தந்ததற்காக நன்றி செலுத்துகிறோம் என்றார். தந்ததற்காக. அப்படி ஒருத்தரும் அதுவரை சொன்னதில்லை. எடுத்ததைப் பற்றித்தான் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். மூடின கண்ணுக்குள் சுகிர்தம் காதை மட்டும் அடுப்படிக்கு அனுப்பிவைத்திருந்தாள். செருப்புச் சத்தம் கேட்குமா. கேட் திறக்கிற சத்தம் கேட்குமா. பையை எடுத்துக்கொண்டு இப்படியே பஸ் ஏறிவிடுவாளோ, இனி வருஷத்துக்கு ஒருதடவைகூட வரமாட்டாளோ, ரோகனைப் போனில் காட்டுகிறதும் நின்றுவிடுமோ, ஆண்டவரே அவள் கத்தட்டும், எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டட்டும், திட்டினால் பரவாயில்லை, போகாமல் இருந்தால் போதும். ஜமுக்காளம் அசைந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வடை சுட்ட எண்ணெய் வாசனை. முழங்கால் ஒன்று அவள் முழங்காலில் இடித்தது, இடித்தது விலகவில்லை. ஆமென் என்றார் எமி அக்கா. சுகிர்தம் கண்ணைத் திறக்கவில்லை.

"முடி இருந்துச்சும்மா," என்றாள் பெனினா. "தலை நிறைய இருந்துச்சு. நீ இல்லன்னு எழுதிருக்க."

கண்ணைத் திறந்துவிட்டாள். என்ன சொல்லுகிறாள் இவள். முகத்தைப் பார்த்தாள், நேராக, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. பெனினாவின் கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் ஒரு பள்ளிக்கூட டீச்சரின் முகமாக இருந்தது, பரீட்சைத் தாளில் ஒரு தப்பைக் கண்டுபிடித்த டீச்சர். விரல் ஏழாவது வரியில் இருந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று எமி அக்காதான் மெல்லக் கேட்டார். அந்த நர்ஸம்மாதான் என்றாள் பெனினா. அம்மா கீழே போனதும் வந்து, ஒங்கம்மா காட்டவேண்டாம்னுட்டாங்க, ஒனக்குப் பாக்கணுமா என்று கேட்டாராம். ஆமா என்றாளாம். துண்டோடு கொண்டுவந்து பக்கத்தில் படுக்கவைத்தாராம், வெளியே மழை கொட்டுகிறதாம், கால் மணி நேரம் இருக்கும், கூடவும் இருக்கலாம், கை விரலெல்லாம் எண்ணிப் பார்த்தாளாம். பிறகுதான் ஆண்கள் தூக்கிக்கொண்டுபோனார்கள். அதன் பிறகு மயக்கம் தெளியாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாளாம், யாரும் பேச வேண்டாமென்று. அப்புறம் ஏன் எங்கேம்மா என்று கேட்டாய் என்று இவளுக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கும் முன்பே பெனினா சொன்னாள், எங்க வச்சாங்க, எந்த இடத்துலன்னு கேட்டேன், நீ ஆண்டவர்கிட்டன்னுட்ட, அதுக்கு மேல ஒங்கிட்ட என்ன கேக்கது. அவ்வளவுதான். ஏழு வருஷம். ஒரு துண்டை விலக்கவிடாமல் பண்ணிவிட்டோம் என்று ஏழு வருஷமாக அவள் சுமந்தது அந்தக் கால் மணி நேரத்திலேயே விலகிப்போயிருந்திருக்கிறது, இவள் கீழே மருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோதே, குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றபோதே, மேலே அந்தப் பிள்ளை தன் பிள்ளையின் விரலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள். அவள் பார்த்திருக்கிறாள். சுகிர்தத்துக்கு மூச்சு உள்ளே போனது, இத்தனை காலம் அரை மூச்சுத்தான் விட்டுக்கொண்டிருந்தோமோ என்று தோன்றுகிற மாதிரி போனது, நெஞ்சின் அடிவரைக்கும், வலிக்க வலிக்க. நர்ஸம்மா, நீங்கள் எங்கே இருந்தாலும். பேர்கூடத் தெரியாதே. என் பேச்சைக் கேட்காமல் இருந்தீர்களே தாயே.

"அப்ப இதைத் திருத்தணும்," என்றார் எமி அக்கா. வாத்தியார் ரத்தம் சும்மா இருக்குமா. தப்பு என்று தெரிந்த பிறகு அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோவதா, எல்லோரும் புத்தகத்தை எடுங்கள் என்றார். லில்லி பையைத் துழாவிப் பேனா எடுத்தாள், எழுதவில்லை, உதறினாள், வேறொருத்தி கொடுத்தாள். பெனினா ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள், பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிரதியை அவளிடம் நீட்டினார்கள், அவள் ஏழாவது வரியில் 'முடியில்லாத' மேல் ஒரு கோடு போட்டாள், எட்டாவதில் ஒரு கோடு போட்டாள், 'பார்க்கவில்லை' என்பதை அடித்துப் 'பார்த்தாள்' என்று மேலே எழுதினாள், நல்ல கையெழுத்து, பலகையில் எழுதி எழுதிப் பழகின கை. ஒன்பதாவதுக்கு வந்ததும் பேனா நின்றது. அதையும் அடிச்சிரலாமா என்று லில்லி கேட்டாள். பெனினா அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அது இருக்கட்டும்," என்றாள். "அது நிசந்தான."

யாரோ சிரித்தார்கள், சுகிர்தமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வலித்தது, ஆனால் பல் பிடுங்கின இடத்தில் நாக்குப் போய்ப் போய்த் தொடுகிற வலி அது, பல் இருந்தபோது இருந்த வலி இல்லை. ஆசிரியரிடம் சொல்லவேண்டும். அவர் என்ன சொல்வாரோ, கவிதையில் தப்புச் சரி உண்டாம்மா என்பாரோ. உண்டு சார். முடி இருந்ததா இல்லையா என்பதற்கு உண்டு. மற்றவர்கள் வடைக்கு எழுந்துவிட்டார்கள், டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிப் பிரிக்க வரவில்லை என்று அடுப்படியிலிருந்து எமி அக்காவின் சத்தம் வந்தது, இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஜமுக்காளத்தில், சுகிர்தத்தின் சொந்தப் பிரதி கடைசியாக மிச்சம். அதை இவளே திருத்துவதாகச் சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். 'முடியில்லாத' என்பதை அடித்தாள். மேலே எழுதக் கை போனது, நின்றது. எப்படிப்பட்ட முடி. தலை நிறைய என்றால் எப்படி. ஏழு வருஷத்தில் கேட்காததை, கேட்கவே கூடாது என்று வைத்திருந்ததை, இப்போது ஒரு வரிக்கு ஒரு சொல் வேண்டும் என்கிற சாக்கில் கேட்டுவிடலாம் போலிருந்தது. சாக்குத்தான். இருக்கட்டும்.

"சுருட்டையா பிள்ள?"

பெனினா கொஞ்சம் யோசித்தாள். "தெரியல. ஈரமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. காஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஒனக்கும் அப்படித்தான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு," என்றாள் சுகிர்தம். "மூணு நாள் கழிச்சுக் குளிப்பாட்டித் துவட்டினப்பதான் சுருட்டைன்னே தெரிஞ்சுது. ஒங்கப்பா சிரிச்சாரு."

அடுப்படியில் டம்ளர்கள் ஒருவழியாகப் பிரிந்து தரையில் உருளுகிற சத்தம் கேட்டது, லில்லி யாரையோ ஏசினாள்.

"அப்ப சுருட்டைதான்," என்றாள் பெனினா. "எழுதும்மா."